பழைய பேரலல் பிரிண்டர், புதிய லினக்ஸ் கணினி: கார்டா, கேபிளா, பெட்டியா?

லாரி புக்கிங் ஆபீஸ், நெல் மண்டி, அடகுக் கடை ஆகிய இடங்களில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஓய்வு பெறாததற்குக் காரணம் கார்பன் நகல். ஊசி ரிப்பனில் அடிக்கிறது, அடியின் அழுத்தம் கீழே உள்ள தாள்களுக்கும் இறங்குகிறது. லேசரிலோ இங்க்ஜெட்டிலோ அந்த அடி இல்லை. எனவே இந்த இடங்களில் பிரிண்டர் அப்படியே இருக்கிறது, கணினிதான் மாறிக்கொண்டே இருக்கிறது. புதிதாக வந்த கணினியின் பின்புறம் 25 பின் பேரலல் போர்ட் இருப்பதில்லை. உரிமச் செலவைத் தவிர்க்க லினக்ஸும் போட்டாயிற்று என்றால், பிரிண்டரை எப்படி இணைப்பது என்ற கேள்விக்குக் கடைக்காரர் ஒரு பதிலும் இணையம் வேறொரு பதிலும் சொல்லும்.

பேச்சுக்கு, நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் எப்சன் எல்எக்ஸ்-300+ பிரிண்டர், 9 ஊசி, வரிக்கு 80 எழுத்து. மூன்று நகல் எல்.ஆர். (லாரி சரக்கு) ரசீது. கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகை. எதிரில் ஐந்து வழிகள்: கணினிக்குள் பேரலல் கார்டு செருகுவது, யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் வாங்குவது, நெட்வொர்க் பிரிண்ட் சர்வர் பெட்டி வைப்பது, பழைய கணினியையே அச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்வது, புதிய பிரிண்டர் வாங்குவது. விலையை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. பில் போடும் மென்பொருள் எழுத்துகளை எந்த வழியாக அனுப்புகிறது என்பதுதான் முதல் கேள்வி. அது கப்ஸ் (CUPS, லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள்) வழியாக அனுப்பினால் ஐந்தும் திறந்த கதவுகள். சாதனக் கோப்புக்கு (லினக்ஸ் ஒரு சாதனத்தைக் கோப்புபோலக் காட்டும் இடம்) நேராக எழுதினால் இரண்டு கதவுகள் பாதி மூடிவிடும். பழைய டாஸ் நிரல்கள் சில செய்வதுபோல 378 என்ற போர்ட் முகவரியையே தொட்டு எழுதினால் அநேகமாக ஒரே கதவுதான்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "லினக்ஸில் பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பல லினக்ஸ் சம்பந்தப்பட்டவையே அல்ல. பணம் செலவழிக்கும் முன் பிரிண்டரைத் தனியாகச் சோதியுங்கள். எல்எக்ஸ்-300+ இல் எல்எஃப்/எஃப்எஃப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் போட்டால் தானே ஒரு சோதனைப் பக்கம் அடிக்கும். கேபிள் இருக்க வேண்டியதில்லை. அதில் எழுத்தின் ஒரு கிடைக்கோடு தொடர்ந்து விடுபட்டால் ஊசி போயிற்று என்று பொருள். எந்தக் கார்டும் அதைச் சரி செய்யாது.

சோதனைப் பக்கம் நன்றாக வந்தால் அடுத்தது ஹெக்ஸ் டம்ப். எல்எஃப்/எஃப்எஃப், லோட்/இஜெக்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தியபடி மின்சாரம் போட வேண்டும். இந்த நிலையில் பிரிண்டர் தன்னிடம் வருவதை எழுத்தாகப் புரிந்துகொள்ள முயலாது. வந்த ஒவ்வொரு பைட்டையும் அதன் பதினாறடிமான எண்ணாகவே அடித்துக் காட்டும். 16 பைட் சேர்ந்தால் ஒரு வரி, மிச்சத்தை வெளியே தள்ள பாஸ் (Pause) பொத்தான். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஏ, பி, சி மூன்றையும் அனுப்பினால் 41, 42, 43 என்று வர வேண்டும். 41, 43, 43 என்று வந்தால்? 42 இன் கடைசி பிட் 0 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 1 ஆகப் படிக்கப்படுகிறது. அந்தப் பிட் செல்லும் பாதை 25 பின் கனெக்டரில் 2ஆம் பின். கேபிளில் அந்த இழை அறுந்திருக்கிறது, அல்லது பின் வளைந்திருக்கிறது. ரசீதில் எழுத்துகள் தாறுமாறாக வருவதைப் பார்த்து டிரைவரை மாற்றி மாற்றிப் போடுபவர்கள் இந்த ஒரு தாளை அடித்துப் பார்த்தால் மாலை நேரம் மிச்சமாகும். கனெக்டரைக் கழற்றி மாட்டும்போது இரு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஓடும்போதே செருகிப் பிடுங்குவதற்காக உருவான போர்ட் அல்ல இது, சிப் போய்விடும்.

எழுத்துகள் சரி, ஆனால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திலிருந்து தொடங்கிப் படிக்கட்டுபோல் வலப்பக்கம் இறங்குகிறதென்றால் அது கேபிளின் குற்றமும் அல்ல. லினக்ஸ் வரி முடிவில் 'அடுத்த வரி' குறியை மட்டும் வைக்கிறது. 'இடது ஓரத்துக்குத் திரும்பு' என்ற குறியும் சேர்ந்து வர வேண்டும் என்று பிரிண்டர் எதிர்பார்க்கிறது. கப்ஸில் உரைக்கான டிரைவரைத் தேர்ந்தெடுத்தாலோ, கோப்பை டாஸ் முறைக்கு மாற்றி அனுப்பினாலோ தீர்ந்துவிடும். செலவு பூஜ்யம்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவில் "எல்பி0 தீப்பிடித்து எரிகிறது" (எல்பி0 என்பது முதல் பிரிண்டருக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) என்ற பொருளில் ஒரு செய்தி வந்தால் வாளியைத் தேட வேண்டாம். அச்சு டிரைவர் மூன்று நிலைகளை வரிசையாகப் பார்க்கிறது: காகிதம் தீர்ந்ததா, பிரிண்டர் ஆஃப்லைனில் இருக்கிறதா, இரண்டும் இல்லாமல் பிழைக் கம்பி மட்டும் எழுந்திருக்கிறதா. மூன்றாவது நிலைக்கு அந்தக் காலத்து யூனிக்ஸ்காரர்கள் வைத்த குறும்புப் பெயர்தான் அது, இன்னும் யாரும் எடுக்கவில்லை. நடைமுறையில் கேபிள் தளர்வு, கனெக்டரில் அழுக்கு, அல்லது பிரிண்டர் தலை நகர முடியாமல் சிக்கிக்கொண்டிருப்பது.

இவ்வளவும் தேறிய பிறகுதான் வழிகளை எடை போட வேண்டும்.

கார்டு வாங்கக் கிளம்பும் முன் கணினியின் மூடியைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். எச்61, எச்81 தலைமுறையைச் சேர்ந்த பல போர்டுகளில் பின்பக்கப் போர்ட் போய்விட்டாலும் உள்ளே 'எல்பிடி' (LPT, பேரலல் போர்ட்டின் பழைய பெயர்) என்று அச்சிட்ட இரட்டை வரிசைப் பின்கள் மிச்சமிருக்கும். அதற்கு ஒரு பட்டைக் கேபிளும் பிராக்கெட்டும் வாங்கி மாட்டினால் அசல் பேரலல் போர்ட் கிடைத்துவிடும். 378 என்ற பழைய முகவரியும் கூடவே கிடைக்கும். முகவரியை நேரடியாகத் தொடும் டாஸ் நிரலோ, பேரலல் போர்ட்டில் செருகினால்தான் மென்பொருளை ஓடவிடும் பூட்டான டாங்கிளோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நேரான வழி கிடையாது. பயாஸில் போர்ட்டை இயக்கி, முறையை 'நார்மல்' அல்லது இபிபி (EPP) என்று வையுங்கள். ஈசிபி (ECP) என்ற மற்றொரு முறை பிரிண்டர் தன் பெயரைச் சொல்ல உதவும், ஆனால் 1994இல் வந்த இருவழிப் பேரலல் தரமான ஐஇஇஇ 1284ஐப் பேசாத பழைய பிரிண்டர் எந்த முறையிலும் பெயர் சொல்லப் போவதில்லை.

பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுதான் மேசைக் கணினிக்கு என் முதல் தேர்வு. கார்டின் மேல் எந்த நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருக்கிறது என்பது முக்கியமில்லை, நடுவிலிருக்கும் சிப்தான் முக்கியம். சந்தையில் சுற்றுபவை பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். ஒன்று மோஸ்சிப் எம்சிஎஸ்99 வரிசை. ஹைதராபாத் நிறுவனத்தின் பெயரில் வந்து, பின்னர் தைவானின் ஏசிக்ஸிடம் போனது. மற்றொன்று சீனாவின் டபிள்யூசிஎச் தயாரிக்கும் சிஎச்382. இரண்டையும் இப்போதைய கெர்னல் தானாகவே அடையாளம் காண்கிறது. கார்டோடு வரும் குறுந்தகட்டை உறையிலிருந்து எடுக்கவே தேவையில்லை. கெர்னலில் பார்போர்ட், பார்போர்ட்_பிசி, எல்பி என்ற மூன்று மாட்யூல்கள் ஏறி, எல்பி0 என்ற சாதனக் கோப்பு தோன்றினால் வேலை முடிந்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் கப்ஸ்-ஃபில்டர்ஸ் தொகுப்பை நிறுவினாலே துவக்கத்தில் இவற்றை ஏற்றும்படி அமைத்துவிடுகிறது. பேரலலுக்கான கப்ஸ் பின்னணி நிரலும் இந்தத் தொகுப்புக்குள்தான் இருக்கிறது. அதனால் கப்ஸ் மட்டும் நிறுவிவிட்டு "பேரலல் போர்ட் பட்டியலில் வரவில்லையே" என்று தேடுபவர்கள் முதலில் இதை நிறுவிப் பார்க்கலாம்.

இந்த வழியின் பெருமை என்னவென்றால், கப்ஸ் வழியாகவும் போகலாம், சாதனக் கோப்புக்கு நேராகவும் எழுதலாம். எழுத விரும்பும் பயனரை எல்பி குழுவில் சேர்த்தால் போதும். ஒரு வரி உரையை அந்தக் கோப்புக்குள் திருப்பிவிட்டால் அடுத்த நொடி ஊசி ஓடும் சத்தம் கேட்கும். பழுது பார்ப்பவனுக்கு அதைவிடத் தெளிவான சோதனை இல்லை, இடையில் டிரைவர், வரிசை, வடிகட்டி எதுவும் இல்லாத சுத்தமான பாதை அது.

குறைகள் இரண்டு. கார்டின் முகவரி 378 ஆக இருக்காது. பிசிஐ சாதனங்களுக்குக் கணினி வேறு முகவரி ஒதுக்கும். லினக்ஸ் கவலைப்படாது, டாஸ் நிரல்தான் திணறும். ஆனால் லினக்ஸில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டாஸ் தரவுத்தளத்தில் எழுதிய பில்லிங்கை ஓட்டுபவர்கள், டாஸ் சூழலைப் போலியாக உருவாக்கும் டோசெமு2 அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் வழியாகத்தான் ஓட்டுவார்கள். அவை நிரலுக்கு ஒரு போலி எல்பிடி1 காட்டி, அங்கு வந்து விழுவதை லினக்ஸின் அச்சு வரிசைக்குத் தள்ளிவிடும். எனவே டாங்கிள் இல்லாதவரை இந்தத் திணறலுக்கும் வழி இருக்கிறது. இரண்டாவது குறை உடல் சார்ந்தது: ஒல்லியான கணினிப் பெட்டிக்கு அரை உயர பிராக்கெட் வேண்டும், உள்ளங்கை அளவு மினி கணினியில் செருக இடமே இல்லை, லேப்டாப்பைச் சொல்லவே வேண்டாம்.

இடமில்லாதவர்களுக்கு யுஎஸ்பி கேபிள். இதைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது, ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கப்ஸ் வழியாக மட்டும் அச்சிடும் ஒற்றைக் கணினிக்கு இது போதும். மலிவு, மாட்டுவது எளிது. 36 பின் அகன்ற கனெக்டர் உள்ளதை வாங்குங்கள், அது பிரிண்டரிலேயே நேராக மாட்டும். 25 பின் முனை உள்ளதை வாங்கினால் பழைய கேபிளும் கூடவே தொடரும், இரண்டு சந்தேகங்கள் ஒன்றாகச் சேரும்.

பெயரில் 'பேரலல் போர்ட்' இருந்தாலும் இந்தக் கேபிள் கணினிக்குப் பேரலல் போர்ட் எதையும் தருவதில்லை என்பதை மனதில் வைக்க வேண்டும். கணினியின் கண்ணுக்கு இது ஒரு யுஎஸ்பி பிரிண்டர், அவ்வளவுதான். எல்பி0 இங்கும் தோன்றும், ஆனால் யுஎஸ்பி அடைவுக்குள் தோன்றும். பிடுங்கி மறுபடி செருகினால் அது எல்பி1 ஆக மாறியும் வரலாம். சாதனக் கோப்பின் பெயரை நிரலுக்குள் எழுதிவைத்தவர்களின் ரசீது அன்றைக்கு வராது. சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யுடெவ் என்ற பகுதிக்கு ஒரு விதி எழுதி நிலையான பெயர் கொடுக்கலாம். இன்னொரு இடிப்பு: கப்ஸின் யுஎஸ்பி பின்னணி நிரல் அச்சிடும்போது கெர்னல் டிரைவரைக் கழற்றிவிட்டுத் தானே சாதனத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் சாதனக் கோப்பு காணாமல் போகும். கப்ஸ் ஒரு பக்கம், நேரடி எழுத்து ஒரு பக்கம் என்று இரண்டையும் இந்தக் கேபிளில் வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது.

புரோலிஃபிக் பிஎல்2305 சிப் உள்ள கேபிள்கள் தொல்லை தருவது தெரிந்த சங்கதிதான். அதற்கென்றே கப்ஸ் தன் யுஎஸ்பி விதிவிலக்குப் பட்டியலில் இடம் ஒதுக்கியிருக்கிறது: இதனிடம் ஒருவழியாக மட்டும் பேசு, வேலை முடிந்ததும் கெர்னல் டிரைவரைத் திரும்ப ஒட்டாதே என்று. உங்கள் கேபிள் முதல் ரசீதை அடித்துவிட்டு இரண்டாவதில் உறைந்துபோனால், அதன் அடையாள எண்ணை அந்தப் பட்டியலில் அதே விருப்பங்களோடு சேர்த்துப் பாருங்கள். பலருக்கு அதில் தீர்கிறது. ஒரே மாதிரி இரண்டு கேபிள்களை ஒரு கணினியில் மாட்டாதீர்கள். இவற்றுக்குத் தனித் தொடர் எண் இருப்பது அரிது, பிரிண்டர் பெயரும் தெரியாது, கப்ஸுக்கு இரண்டும் ஒரே 'தெரியாத பிரிண்டர்'.

ஆபீஸில் மூன்று மேசைகள், ஒரே பிரிண்டர் என்றால் கணக்கு மாறுகிறது. அப்போது பிரிண்ட் சர்வர் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். டிபி-லிங்க் டிஎல்-பிஎஸ்110பி, டி-லிங்க் டிபி-301பி+, எச்பி ஜெட்டைரக்ட் போன்றவை. பெட்டியின் ஒரு முனை பேரலல், மறுமுனை நெட்வொர்க் கேபிள். கப்ஸில் 9100ஆம் போர்ட்டைக் காட்டினால், அல்லது எல்பிடி (LPD, மதர்போர்டில் கண்ட LPT அல்ல) என்ற நெட்வொர்க் அச்சு நெறிமுறையில் 515ஐக் காட்டினால் எந்த மேசையிலிருந்தும் அச்சிடலாம். எந்தக் கணினியும் பிரிண்டருக்காக விழித்திருக்க வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழையது தேடுகிறவர்கள் அடாப்டரையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அதன் வோல்ட் அளவைப் பெட்டியில் எழுதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும். இந்தப் பெட்டிகளின் ஃபர்ம்வேர் பழையது, மறையாக்கம் என்ற பேச்சே இல்லை. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ளேயே வையுங்கள், ரவுட்டரில் வெளியுலகுக்குக் கதவு திறக்காதீர்கள். நிலையான ஐபி முகவரி கொடுக்க மறந்தால் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு பிரிண்டர் 'காணாமல்' போகும்.

பழைய கணினியையே மூலையில் வைத்து அச்சு சர்வராக ஆக்குவது லினக்ஸ்காரர்களுக்குப் பிடித்த யோசனை. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பென்டியம் 4 என்றால் மின்கட்டணம், விசிறிச் சத்தம், உப்பிப்போன கெப்பாசிட்டர்கள், தீர்ந்துபோன சிஎம்ஓஎஸ் பேட்டரி எல்லாம் கூட வரும். 64 பிட் தெரியாத தொடக்கக்காலப் பென்டியம் 4 ஆக இருந்தால் இயங்குதளமே பிரச்சினை. டெபியன் 12 தான் 32 பிட் நிறுவி தந்த கடைசிப் பதிப்பு, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அதைக் கைவிட்டுவிட்டது. பேரலல் போர்ட் உள்ள கோர் 2 டுவோ கிடந்தால் பேச்சு வேறு: 64 பிட், மின்சாரமும் குறைவு. பரணிலிருந்து இறக்கலாம். ராஸ்ப்பெரி பையை வைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் அதில் பேரலல் போர்ட் கிடையாது. அதன் பின்கள் 3.3 வோல்ட், பிரிண்டரின் மொழி 5 வோல்ட். எனவே மறுபடி யுஎஸ்பி கேபிள்தான், மேலே சொன்ன குறைகளோடு.

தமிழில் ரசீது வேண்டுமா என்பதும் இந்த முடிவில் சேர்கிறது. பிரிண்டரின் ரோமில் தமிழ் எழுத்து கிடையாது. யூனிகோடில் ஓர் 'அ' மூன்று பைட்டாகப் போகிறது. நேரடியாக அனுப்பினால் அந்த இடத்தில் சம்பந்தமில்லாத மூன்று குறிகள் விழும். கப்ஸோடு வரும் 'எப்சன் 9-பின் சீரிஸ்' டிரைவர் வழியாகப் படமாக அனுப்பினால் தமிழ் வரும், ஆனால் தலை பலமுறை போய் வந்து ஒவ்வொரு வரியையும் நெய்யும். வாசலில் லாரி எஞ்சினை ஓடவிட்டு டிரைவர் காத்திருக்கும்போது அது சரிப்படாது. அதனால்தான் பெரும்பாலான ஆபீஸ்களில் தமிழ்த் தலைப்பும் விதிமுறைகளும் அச்சகத்திலேயே அடிக்கப்பட்டு, பிரிண்டர் எண்களையும் ஆங்கிலத்தில் பெயர்களையும் மட்டும் நிரப்புகிறது. அப்படி எழுத்து முறையிலேயே போகிறவர்களுக்கு நேரடிச் சாதனக் கோப்பு தரும் கார்டு இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது. கப்ஸில் இப்போதுள்ள பிபிடி (PPD, பிரிண்டரின் திறன்களை விவரிக்கும் கோப்பு) டிரைவர் முறை கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது, 3ஆம் பதிப்பில் அது இருக்காது. டிரைவரே இல்லாமல் பைட்டுகளை நேராக எழுதும் நிரலுக்கு அந்த மாற்றம் வந்துபோனதே தெரியாது.

ஆகவே நாமக்கல் ஆபீஸுக்கு: ஒற்றை மேசைக் கணினி, காலியான ஸ்லாட் என்றால் கார்டு. மதர்போர்டில் எல்பிடி பின்கள் கண்ணில் பட்டால் கார்டுக்குக்கூடக் காசு வேண்டாம். லேப்டாப் என்றால் கேபிள், கப்ஸ் வழியாக மட்டும். மூன்று மேசை என்றால் பெட்டி.

சோதனைப் பக்கத்திலேயே ஊசி விடுபட்டவர்களுக்கு மட்டும் புதிய பிரிண்டர். தலையை மாற்றும் செலவைப் பிரிண்டர் விலையோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், பழைய உடம்புக்குப் புதிய தலை பல நேரம் கட்டுபடியாகாது. எப்சன் எல்எக்ஸ்-310 இல் யுஎஸ்பி, பேரலல், சீரியல் மூன்றும் இருக்கின்றன. அதே கட்டளை மொழி, எனவே ரசீது வடிவத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை. பழைய ரிப்பன் பெட்டிகளைக் கடையில் கொடுத்து, எல்எக்ஸ்-310க்குப் பொருந்துமா என்று மாட்டிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். யுஎஸ்பி கேபிளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் பிரிண்டர் பெட்டிக்குள் அதை வைப்பதில்லை.